சர்வர் மேலாண்மை மென்பொருளுக்கு வெளியார் கையொப்பமிட்ட சான்றிதழ்: எது எங்கே பிறக்கிறது, எது எங்கே போகிறது?

மெய்நிகர் எந்திரங்களை (ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாகும் கணினிகளை) நிர்வகிக்கும் விசென்டர், சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் டெல்லின் ஐடிராக், எச்பிஇயின் ஐஎல்ஓ எனப் புதிதாக நிறுவிய எதன் முகவரியை பிரவுசரில் திறந்தாலும், முதலில் வந்து நிற்பது "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கைதான். பெரும்பாலோர் 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தி, 'பரவாயில்லை' என்று உள்ளே போய்விடுவார்கள். சில மாதம் கழித்துப் பாதுகாப்புத் தணிக்கை வரும். அறிக்கையில் "வெளி சிஏ (சான்றிதழ்களுக்குக் கையொப்பமிடும் அமைப்பு) கையொப்பமிட்ட சான்றிதழைப் பதிக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். குழப்பம் அந்த வரியில் தொடங்குகிறது.

சான்றிதழ்தான் தகவலை மறைகுறியாக்குகிறது என்பார் ஒருவர். காசு கொடுத்து வாங்கியதுதான் வலுவானது என்பார் இன்னொருவர். சிஏ நமக்கு ஒரு சாவியை அனுப்பிவைக்கும், அதை சர்வரில் போட்டால் வேலை முடிந்தது என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் தவறு. மூன்றாமவர் சொல்வது ஆபத்தும்கூட.

அட்டை, படம், முத்திரை

முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று அடையாள அட்டையை நீட்டுகிறார். அதில் பெயர் இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது, எந்தத் தேதிவரை செல்லும் என்ற குறிப்பு இருக்கிறது, மூலையில் வழங்கிய அலுவலகத்தின் முத்திரையும் இருக்கிறது. நாம் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். முத்திரை நமக்குத் தெரிந்த அலுவலகத்துடையதா என்று பார்க்கிறோம். தேதி கடந்துவிட்டதா என்று பார்க்கிறோம்.

சர்வர் காட்டும் சான்றிதழ் அப்படி ஓர் அட்டைதான். பெயரின் இடத்தில் சர்வரின் முகவரி. புகைப்படத்தின் இடத்தில் பொதுச்சாவி. முத்திரையின் இடத்தில் டிஜிட்டல் கையொப்பம். அந்தக் கையொப்பத்தைப் போடும் அமைப்பைத்தான் சிஏ என்கிறோம். எந்தத் தகவல் எந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் வடிவத்துக்கு எக்ஸ்.509 என்று பெயர். அது 1988-லேயே வந்துவிட்டது.

ஆளின் முகம் மட்டும் அட்டையில் இல்லை. அது அவரிடமே இருக்கிறது. அட்டையை யாரும் நகலெடுக்கலாம், முகத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. சர்வரிடம் முகமாக இருப்பது தனிச்சாவி. அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது படத்தை ஒட்டி அனுப்புகிறோமே தவிர, முகத்தைக் கழற்றி அனுப்புவதில்லை. இது பிடிபட்டுவிட்டால் பதிக்கும் வேலையில் பாதி புரிந்த மாதிரி.

சாவிகள் உண்மையில் செய்வது

பொதுச்சாவியும் தனிச்சாவியும் ஒரே கணக்கிலிருந்து சேர்ந்து பிறக்கும் ஜோடி. தனிச்சாவியால் ஒரு தகவலுக்குக் கையொப்பமிடலாம். அது சரியான கையொப்பம்தானா என்று பொதுச்சாவியால் சோதிக்கலாம். பொதுச்சாவியை மட்டும் வைத்துக்கொண்டு தனிச்சாவியைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் ஆகாத காரியம். இந்தச் சிந்தனையை டிஃபியும் ஹெல்மனும் 1976-ல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு உருவான ஆர்எஸ்ஏ முறை இன்றும் பெரும்பாலான சர்வர் அறைகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதியின் பெயர் டிஎல்எஸ். எல்லோரும் இன்னும் எஸ்எஸ்எல் என்று சொல்லிக்கொண்டிருக்கும் பழைய விதியின் வாரிசு இது. 2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3-இல் நடப்பதைப் பார்ப்போம். முதலில் இரு தரப்பும் சேர்ந்து, அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமான ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்கின்றன. போகிற வருகிற தகவலையெல்லாம் பூட்டுவது இந்தத் தற்காலிக எண்தான். அதன்பின் சர்வர் தன் சான்றிதழை அனுப்பி, அதுவரை நடந்த உரையாடலுக்குத் தன் தனிச்சாவியால் கையொப்பமிடுகிறது. சான்றிதழில் இருக்கும் பொதுச்சாவியை வைத்து பிரவுசர் அதைச் சோதிக்கிறது. படமும் முகமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் இடம் இது.

சான்றிதழ் எதையும் பூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எச்சரிக்கையோடு ஓடும் ஐடிராக் பக்கத்திலும் தகவல் மறைகுறியாகத்தான் போகிறது. விலை உயர்ந்த சான்றிதழைப் போட்டதும் அந்தப் பூட்டு கனமாகிவிடுவதில்லை.

இதுவரை பார்த்தது: பூட்டுவது தற்காலிக ரகசிய எண், எதிரே இருப்பது யார் என்று சொல்வது சான்றிதழ், அதை மெய்ப்பிப்பது தனிச்சாவி, சான்றிதழுக்குப் பொறுப்பேற்பது சிஏ.

பூட்டு சரி, ஆள் யார்?

மேலாண்மை மென்பொருளை நிறுவும்போது அது தானே ஒரு சாவி ஜோடியை உருவாக்கி, தானே ஒரு சான்றிதழை எழுதி, தானே அதில் கையொப்பமும் போட்டுக்கொள்கிறது. இதுதான் செல்ஃப் சைன்டு எனப்படும் தன்கையொப்பச் சான்றிதழ். விசென்டரில் கதை சற்று வேறு. அதன் உள்ளேயே விஎம்சிஏ என்ற சிறிய சிஏ ஒன்று இருந்து கையொப்பமிடுகிறது. ஆனால் அந்த விஎம்சிஏவை உங்கள் பிரவுசருக்குத் தெரியாது, அதனால் எச்சரிக்கையில் மாற்றமில்லை.

இதில் என்ன கெடுதி? அதே நெட்வொர்க்கில் புகுந்துவிட்ட ஒருவன் நடுவில் நின்று, தன் கணினியில் தானே தயாரித்த சான்றிதழைக் காட்டினால் பிரவுசர் அதற்கும் இதே எச்சரிக்கையைத்தான் தரும். தினமும் அதைத் தாண்டிப் பழகிய கை அன்றைக்கும் தாண்டும். பாஸ்வேர்டு மிக வலுவாகப் பூட்டப்பட்டு, நேராகத் திருடன் கைக்குப் போகும்.

அந்த பாஸ்வேர்டு திறப்பது சாதாரணக் கதவு இல்லை. சர்வர்களை அணைக்கலாம், தொலைவிலிருந்தே வேறு இயங்குதளத்தை ஏற்றலாம், மெய்நிகர் எந்திரங்களை மொத்தமாக அழிக்கலாம். நிறுவனத்தின் வெளி இணையதளத்துக்கு எல்லோரும் முறையான சான்றிதழ் போட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் வாடிக்கையாளர் பார்க்கிறார். சாவிக்கொத்து முழுவதும் தொங்கும் மேலாண்மைப் பக்கம் மட்டும் "உள்ளேதானே இருக்கிறது" என்று விடப்படுகிறது. எனக்கு இந்த முன்னுரிமை தலைகீழாகத்தான் தெரிகிறது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டே சர்வர் உள்ள சோதனைக் கூடத்துக்கு சிஏ எல்லாம் தேவையில்லை. ஒவ்வொரு சான்றிதழுக்கும் அதிலிருந்து கணக்கிட்ட ஒரு சுருக்க எண் உண்டு, அதைக் கைரேகை என்பார்கள். சர்வரின் நேரடித் திரையில் தெரியும் கைரேகையும் பிரவுசர் காட்டும் கைரேகையும் ஒன்றுதானா என்று ஒருமுறை ஒப்பிட்டு, அந்தச் சான்றிதழை உங்கள் கணினியில் நம்பகமானதாகச் சேர்த்துக்கொண்டால் போதும். இருநூறு சர்வருக்கு இந்த வழி நடக்காது.

'வெளியார்' என்பது யாரை?

மென்பொருள் தனக்குத்தானே கையொப்பமிடாமல் வேறொருவர் கையொப்பமிட்டால் அது வெளிக் கையொப்பம். அந்த வேறொருவர் காசு வாங்கும் நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டிஜிசெர்ட் போன்ற வணிக சிஏவாக இருக்கலாம், கட்டணமில்லாத லெட்ஸ் என்கிரிப்டாக இருக்கலாம், உங்கள் நிறுவனமே நடத்தும் உள் சிஏவாகவும் இருக்கலாம். விண்டோஸ் டொமைன் (நிறுவனத்தின் கணினிகளை ஒரே மையத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) உள்ள இடங்களில் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி சான்றிதழ் சேவைதான் பெரும்பாலும் அந்த உள் சிஏ. தணிக்கையாளர் 'வெளி' என்று எழுதியதைப் பார்த்ததும் பொது சிஏவிடம் ஓடுவது அவசரம்.

பொது சிஏக்களின் சாவிகள் இயங்குதளங்களிலும் பிரவுசர்களிலும் முன்கூட்டியே நம்பகப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் அவை கையொப்பமிட்டதை உலகில் எந்தக் கணினியும் உடனே ஏற்கும். அதற்கு ஈடாகக் கட்டுப்பாடுகளும் உண்டு. 'டாட் லோக்கல்' என்று முடியும் பெயர்களுக்கும், ஒற்றைச் சொல் சர்வர் பெயர்களுக்கும், 10 அல்லது 192.168 என்று தொடங்கும் உள் ஐபி முகவரிகளுக்கும் அவை சான்றிதழ் தரக்கூடாது. 2015 நவம்பர் முதல் இது உறுதியான விதி, ஏற்கெனவே கொடுத்தவையும் 2016 அக்டோபருக்குள் ரத்தாயின. இன்னொன்று பலர் யோசிக்காதது: பொது சிஏ தரும் சான்றிதழ்கள் யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடும். 2018-லிருந்து குரோம் அதைக் கட்டாயமாக எதிர்பார்க்கிறது. உங்கள் மேலாண்மை சர்வரின் பெயரை ஊருக்கே அறிவிக்க விருப்பமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேலாண்மை மென்பொருளுக்கு நான் உள் சிஏவைத்தான் பரிந்துரைப்பேன். ஒரே கூடுதல் வேலை, அந்த சிஏவின் ரூட் சான்றிதழை, அதாவது எல்லாக் கையொப்பங்களுக்கும் அடிவேரான சான்றிதழை, நிர்வாகிகள் பயன்படுத்தும் கணினிகளின் நம்பகப் பட்டியலில் சேர்ப்பது. விண்டோஸில், எல்லாக் கணினிகளுக்கும் ஒரே அமைப்பை அனுப்பும் குரூப் பாலிசி மூலம் ஒரே வீச்சில் முடியும். ஜாவாவும் பைத்தானின் சில நூலகங்களும் தங்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருப்பதை மறந்துவிடக் கூடாது. பிரவுசரில் பச்சைக்கொடி, ஸ்கிரிப்டில் பிழை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

பொது சிஏ என்றாலே கேள்வி கேட்காமல் நம்பலாம் என்பதும் இல்லை. 2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சிஏவுக்குள் புகுந்தவர்கள் கூகுள் உள்ளிட்ட தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்களை வெளியிட்டார்கள். பிரவுசர்கள் அதைப் பட்டியலிலிருந்து நீக்கின. அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது.

விண்ணப்பம் எழுதுவது

சர்வர் தனக்குச் சான்றிதழ் கேட்டு எழுதும் விண்ணப்பத்துக்கு சிஎஸ்ஆர் என்று பெயர். மேலாண்மை மென்பொருளின் திரையில் 'ஜெனரேட் சிஎஸ்ஆர்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தும்போது இரண்டு காரியம் நடக்கிறது, திரையில் தெரிவது ஒன்றுதான். தெரியாமல் நடப்பது: புதிய சாவி ஜோடி ஒன்று சர்வருக்குள் பிறக்கிறது. தனிச்சாவி அங்கேயே தங்கிவிடுகிறது. தெரிவது: பொதுச்சாவியும் பெயரும் சேர்ந்த ஓர் உரைக்கோப்பு உங்கள் கைக்கு வருகிறது. சிஏவிடம் போவது அந்தக் கோப்பு மட்டும். அதில் ரகசியம் எதுவும் இல்லாததால் மின்னஞ்சலில் அனுப்பினாலும் பாதகமில்லை. "உங்கள் பிரைவேட் கீயையும் சேர்த்து அனுப்புங்கள்" என்று எவராவது கேட்டால், கேட்பவர் எந்தப் பதவியில் இருந்தாலும் சரி, அனுப்பாதீர்கள்.

பொத்தானை இரண்டாம் முறை அழுத்தாதீர்கள். பல மென்பொருள்களில் அது முதல் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை உருவாக்கும். முதல் விண்ணப்பத்துக்குக் கையொப்பம் வாங்கிக்கொண்டு வந்தால் "சாவியும் சான்றிதழும் பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்பிவிடும். படம் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது என்ற நிலை. வெறும் சோதனைக்காக யாரோ ஒருமுறை அழுத்திப் பார்த்ததால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

படிவத்தில் ஊர், துறை, நிறுவனப் பெயர் என்று நிறையக் கட்டங்கள் இருக்கும். பிரவுசர் அவற்றைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது 'சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்' என்ற கட்டத்தை, சுருக்கமாக சான் என்பார்கள். முகவரிப் பட்டையில் நீங்கள் தட்டச்சு செய்யப்போகும் பெயர் எழுத்துக்கு எழுத்து அதே வடிவில் அங்கே இருக்க வேண்டும். முழுப் பெயரிலும் திறப்பீர்கள், சுருக்கப் பெயரிலும் திறப்பீர்கள், ஐபி எண்ணிலும் திறப்பீர்கள் என்றால் மூன்றையும் எழுதிவிடுங்கள். உள் சிஏ என்றால் மூன்றுக்கும் கையொப்பமிடத் தடை இல்லை. முன்பெல்லாம் 'காமன் நேம்' கட்டத்தில் மட்டும் பெயர் இருந்தாலே போதும். 2017-ல் வந்த குரோம் 58 அதை ஏற்பதை நிறுத்திவிட்டது. பழைய ஃபர்ம்வேரில், அதாவது சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில், சான் கட்டமே இல்லாவிட்டால் ஃபர்ம்வேரை மேம்படுத்துங்கள், அல்லது கையொப்பமிடும்போதே சேர்க்கச் சொல்லி சிஏ நிர்வாகியிடம் கேளுங்கள்.

சாவியின் அளவு ஆர்எஸ்ஏவில் 2048 பிட்டுக்குக் குறையக்கூடாது. கையொப்பத்துக்கான சுருக்க எண்ணைக் கணக்கிடும் முறை ஷா-256. ஷா-1 என்ற பழைய முறையில் ஒரே சுருக்க எண் கொண்ட இரண்டு கோப்புகளைச் செய்துகாட்ட முடியும் என்று கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகமும் 2017-ல் நிரூபித்துவிட்டன.

மீண்டும் சுருக்கமாக: தனிச்சாவி சர்வருக்குள்ளேயே பிறந்து அங்கேயே இருக்கிறது. வெளியே போவது சிஎஸ்ஆர். திரும்பி வருவது கையொப்பமிட்ட சான்றிதழ்.

திரும்பி வருவது ஒரு கோப்பு இல்லை

சிஏ அநேகமாக இரண்டு மூன்று கோப்புகளை அனுப்பும். காரணம், ரூட் சாவியை யாரும் தினப்படி வேலைக்கு எடுப்பதில்லை. அது நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டுப் பத்திரமாக இருக்கும். ரூட் கையொப்பமிட்டு அதிகாரம் கொடுத்த இடைநிலைச் சான்றிதழ்தான் உங்கள் சர்வருக்குக் கையொப்பமிடுகிறது. பிரவுசருக்கு ரூட்டைத் தெரியும், இடைநிலையைத் தெரிய வேண்டும் என்பதில்லை. எனவே சர்வர் தன் சான்றிதழோடு இடைநிலையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இந்தத் தொடரைச் செயின் என்பார்கள். வரிசையும் முக்கியம்: முதலில் சர்வருடையது, அடுத்து இடைநிலை. ரூட்டை பிரவுசருக்குக் காட்டத் தேவையில்லை, ஆனாலும் சில மேலாண்மை மென்பொருள்கள் சரிபார்ப்பதற்காக அதையும் கேட்கும்.

"என் கணினியில் வேலை செய்கிறது, அவர் கணினியில் எச்சரிக்கை வருகிறது" என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் விடுபட்ட இடைநிலைச் சான்றிதழ் இருக்கும். ஒரு கணினியில் அது வேறு வழியாக ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும், இன்னொன்றில் இருக்காது.

கோப்பு வடிவங்கள் தொடக்கத்தில் மிரட்டும். நோட்பேடில் திறந்தால் கோடுகளுக்கு நடுவே 'பிகின் சர்டிஃபிகேட்' என்று படிக்க முடிந்தால் அது பெம். குப்பையாகத் தெரிந்தால் அநேகமாக டெர். இரண்டிலும் உள்ளடக்கம் ஒன்றே, ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். பிஎஃப்எக்ஸ் மட்டும் வேறு சாதி. அதற்குள் தனிச்சாவியும் இருக்கும். யாராவது பிஎஃப்எக்ஸ் கோப்பைக் கொடுத்து "இதைப் பதித்துவிடுங்கள்" என்றால், சாவி வேறெங்கோ பிறந்திருக்கிறது, இன்னும் எத்தனை பேரிடம் நகல் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது என்று பொருள்.

பதிக்கும் நேரம்

தொடங்குமுன் பேக்கப் எடுங்கள். மேலாண்மை மென்பொருள் மெய்நிகர் எந்திரத்தில் ஓடினால் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவு. அடுத்து கடிகாரத்தைப் பாருங்கள். சர்வரின் தேதி பின்தங்கியிருந்தால் புத்தம்புதிய சான்றிதழையும் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று தள்ளிவிடும்.

பெரும்பாலான மென்பொருள்களில் முதலில் ரூட்டையும் இடைநிலையையும் நம்பகமானவை என்று சேர்க்க வேண்டும், அதன்பின்தான் சர்வர் சான்றிதழ். ஜாவாவில் எழுதப்பட்ட மென்பொருளில் சாவிகள் கீஸ்டோர் என்ற கோப்பில் இருக்கும். அங்கே ஒவ்வொரு சாவிக்கும் ஏலியஸ் என்ற பட்டப்பெயர் உண்டு. சிஎஸ்ஆர் உருவாக்கியபோது எந்த ஏலியஸோ அதே ஏலியஸில்தான் கையொப்பமிட்டு வந்ததைச் சேர்க்க வேண்டும். வேறு பெயரில் சேர்த்தால் பிழை எதுவும் வராது. அதுதான் கொடுமை. சான்றிதழ் சாவியோடு சேராமல் யாரோ ஒருவருடைய சான்றிதழாகத் தனியே உட்கார்ந்திருக்கும், சர்வர் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

முடிந்ததும் சேவையை மறுதொடக்கம் செய்தால்தான் புதியது நடைமுறைக்கு வரும். ஐடிராக், ஐஎல்ஓ போன்றவற்றை மறுதொடக்கம் செய்ய அஞ்ச வேண்டாம். அவை சர்வருக்குள் இருக்கும் தனிச் சிறு கணினிகள், அவற்றை மீண்டும் எழுப்பினால் சர்வர் நிற்காது. விசென்டரிலும் அதன் சேவைகள்தான் சிறிது நேரம் நிற்கும், மெய்நிகர் எந்திரங்கள் பாட்டுக்கு ஓடும்.

பிறகு பிரவுசரை முழுக்க மூடித் திறந்து, சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். பேக்கப் மென்பொருளும் கண்காணிப்புக் கருவிகளும் பழைய சான்றிதழின் கைரேகையை மனப்பாடம் செய்து வைத்திருக்கலாம். அட்டை மாறியது அவற்றுக்குத் தெரியாது, ஆள் மாறிவிட்டதாக நினைத்து இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். பகலில் சான்றிதழை மாற்றி, இரவு பேக்கப் ஓடாமல் போவது இப்படித்தான். மேலாண்மை மென்பொருளோடு எவையெல்லாம் பேசுகின்றன என்று முன்னாலேயே குறித்துவைத்து, மாற்றியதும் ஒவ்வொன்றிலும் புதிய சான்றிதழை ஏற்கச் செய்யுங்கள்.

தேதி முடியும்போது

2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனின் ஓ2 வலையமைப்பில் கோடிக்கணக்கான கைபேசிகளுக்கு டேட்டா நின்றுபோனது. காரணம் எரிக்சன் நிறுவன மென்பொருளில் காலாவதியான ஒரு சான்றிதழ். 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் முடங்கியதும் இதே காரணத்தால்.

பொது சிஏ சான்றிதழின் ஆயுள் 2020 செப்டம்பரிலிருந்து அதிகபட்சம் 398 நாள். சிஏக்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025-ல் எடுத்த முடிவின்படி அது 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் மாற்றிக்கொண்டிருக்கும் வேலைக்கு இது கட்டுப்படியாகாது. ஏக்மி என்ற தானியங்கிப் புதுப்பிப்பு முறையை உங்கள் மேலாண்மை மென்பொருள் அறியுமா என்று இப்போதே பார்த்துவைப்பது நல்லது.

உள் சிஏவை இந்த மன்றத்தின் விதி கட்டுப்படுத்தாது. அதற்காகப் பத்தாண்டுச் சான்றிதழ் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 2019 ஜூலைக்குப் பின் வழங்கிய சர்வர் சான்றிதழ் 825 நாளைத் தாண்டினால், உள் சிஏ கொடுத்தது என்றாலும், ஆப்பிள் சாதனங்கள் ஏற்பதில்லை. இரண்டு ஆண்டு வைத்துக்கொண்டு, நினைவூட்டலை ஒரு தனி ஆளுக்கு அனுப்பாமல் குழுவின் பொது அஞ்சல்பெட்டிக்கு வரும்படி அமையுங்கள். புதுப்பிக்கும்போது பழைய சிஎஸ்ஆரை மறுபடி அனுப்பாமல் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள், அப்போதுதான் சாவியும் புதிதாகும். உள் சிஏவின் ரூட் எப்போது முடிகிறது என்பதையும் அதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். புதிய ரூட் எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதன் கீழ் வந்த சான்றிதழை சர்வரில் பதிக்க வேண்டும்.